அழிக்கப்பட்ட கணக்கு

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நாம் அறிவோம். பல ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. அந்நாட்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் சேமிப்பிலிருந்து அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குக் கடன் கொடுத்து உதவினார். அவர் இறந்த பின்னரே இச்செய்தி நமக்குத் தெரிய வந்தது.

அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை செய்பவர். அடக்கத்திற்கு வந்தவர், வீட்டிலிருந்த பழைய கணிப்பொறியில் தாயின் நிழற்படங்களைத் தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. கடைத்தெருவில் கணிப்பொறி பழுது பார்க்கும் இளைஞரிடம் அதைக் கொண்டுபோனார். மறுநாள் படங்கள் மீண்டு வந்தன. அவற்றோடு, கேளாத ஒன்றும் வந்தது. கடன் பெற்றோரின் பெயர்கள், தொகைகள், தேதிகள் அடங்கிய கணக்கு அது. படங்களைப் போலவே அதுவும் அழிக்கப்பட்டிருந்த கோப்பு.

தங்கையின் திருமணத்தை முடிக்க வேண்டிய நிலையில் இருந்த அந்த இளைஞர் நம்மிடம் வந்தார். “சாமி, அப்பா இதை வேண்டுமென்றே அழித்தாரா, கை தவறி அழிந்ததா? நான் கேட்கலாமா, கூடாதா?” என்றார். உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

அழிந்த கோப்பு எவ்வாறு மீள்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நலம். நம் பங்கில் ஞானஸ்நானப் பதிவேட்டிற்குப் பெயரடைவு ஒன்று உண்டு. அடைவில் ஒரு பெயரை அடித்துவிட்டால், அப்பெயருக்குரிய பக்கம் மறைந்துவிடுவதில்லை. அதற்கு வழிகாட்டும் வரி மட்டுமே போகிறது. கணிப்பொறியின் வன்தட்டும் அத்தகையதே. கோப்பை அழிக்கும்போது, ‘இவ்விடம் காலி’ என்ற குறிப்பே எழுதப்படுகிறது. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய எழுத்து அங்கேயே கிடக்கும். எனவேதான், முக்கியமான கோப்பு காணாமற்போனால் அந்தக் கணிப்பொறியில் புதிதாக எதையும் பதியக்கூடாது என்கிறார்கள் அறிந்தவர்கள். இன்றைய புதுவகைச் சேமிப்புக் கருவிகள் பலவற்றில் அழித்தது விரைவிலேயே துடைக்கப்பட்டுவிடுவதால், மீட்பது அரிது.

இழந்ததைத் தேடுவது நற்செயல் என்பதில் ஐயமில்லை. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்திராவிடில், 1887-இல் சீவக சிந்தாமணியும் 1894-இல் புறநானூறும் அவர் கையால் அச்சேறியிருக்குமா? 1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில், ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. காப்புப் படிகளும் கைகொடுக்கவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணியாற்றிய கேலின் சஸ்மன் என்னும் அம்மையாரின் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு படி இருந்தது. அந்தக் கணிப்பொறியைப் போர்வையால் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள், படமும் பிழைத்தது. வெள்ளிக்காசைத் தொலைத்த பெண் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடிய உவமையை நினைவிற்கொள்வோம். தொலைந்தது வீட்டுக்குள்ளேயேதான் இருந்தது.

ஆனால் தொலைந்தது வேறு, துறந்தது வேறு. காசு அப்பெண்ணின் கையிலிருந்து தவறியது. அவள் அதை எறிந்துவிடவில்லை. மீட்பு மென்பொருளுக்கோ இவ்வேறுபாடு தெரியாது. தவறிய படத்தையும், மன்னித்து அழித்த கடனையும் அது ஒரே தட்டில் வைத்து நீட்டுகிறது. எழுத்தை மீட்டுத் தரும் பொறி, எழுதியவரின் எண்ணத்தை மீட்டுத் தருவதில்லை. மனைவியின் படங்களை அந்த ஆசிரியர் விரும்பி அழித்திருக்க முடியாது. அப்படியானால் கணக்கும் கைதவறி அழிந்ததுதானோ? இல்லை, கணக்கை அழிக்க முயன்றபோது படங்களும் சேர்ந்து போயினவோ? இதற்கு விடை கூறக்கூடியவர் கல்லறையில் உறங்குகிறார்.

நீதியின்படி பார்த்தால், தந்தைக்கு வரவேண்டியது மகனையும் மகளையும் சேரும். கேட்பது பாவமன்று. ஐயத்தைக் காட்டி, “மன்னித்துவிடு” என்று பிறர் பணத்தில் தாராளம் காட்டுவதும் குருவுக்கு அழகன்று. எனவே நாம் இவ்வளவே கூறினோம்: “தம்பி, அப்பாவின் மனத்தைக் கணிப்பொறியிடம் கேட்காதே. கணக்கில் உள்ளவர்களை ஒருமுறை போய்ப் பார். கணக்குத்தாளை மட்டும் எடுத்துப் போகாதே.”

அவர் போனார். ஒரு வீட்டில், கேட்காமலேயே கடனைப் பற்றிப் பேசி, பாதித் தொகையைக் கையில் வைத்தார்கள். இன்னொரு வீட்டில் வசதி வந்திருந்தும் பேச்சே எழவில்லை. மூன்றாவது வீட்டில், புயலுக்குப்பின் நட்ட தென்னை அப்போதுதான் பாளை விட்டிருந்தது. வீட்டுக்காரர் இரண்டு இளநீர் வாங்கிவந்து வெட்டிக் கொடுத்தார். அவ்வீட்டில் தம் வாயிலிருந்து கடன் என்ற சொல்லே வரவில்லை என்று அவர் நம்மிடம் சொன்னார்.

மீட்ட கணக்கை அவர் மீண்டும் அழித்துவிட்டார். தந்தை மன்னித்தாரா என்பது அவருக்கு இன்றும் தெரியாது. “அவர் மன்னிக்கவில்லை என்றால், இது நான் மன்னித்ததாக இருக்கட்டும்” என்றார். தங்கையின் திருமணம் கொஞ்சம் கடன் வாங்கியே நடந்தது. அதன் நிழற்படங்களை அதே கணிப்பொறியில் பதிந்து வைத்திருக்கிறார்.

பிறர் குற்றத்தையும் கடனையும் மன்னித்தோம் என்கிறோம். பெரும்பாலும் நாம் அடிப்பது அடைவிலுள்ள வரியை மட்டுமே. ஒரு சிறு சச்சரவு போதும், பழைய பக்கம் அப்படியே மீண்டு வந்துவிடுகிறது. அழிப்பது மன்னிப்பின் தொடக்கம். அவ்விடத்தில் புதிய உறவொன்றை எழுதும்போதே அது நிறைவு பெறுகிறது. நம் உள்ளத்தில் அழித்தும் அழியாமல் கிடக்கும் கணக்குகள் எத்தனை? அவற்றின் மேல் எழுத நம்மிடம் என்ன இருக்கிறது? சிந்திப்போம்.