கதை இல்லாதவர்கள்

மதிப்பீடு என்ற சொல்லை இந்த மாதிரிப் பக்கங்களில் நாம் ரொம்பவும் சௌகரியமாகப் புழங்கி வந்திருக்கிறோம். ஒரு நாவலைத் தவறாக மதிப்பிட்டுவிட்டால் பெரிய நஷ்டமில்லை. அடுத்த இதழில் யாராவது திட்டி எழுதுவார்கள். பகலில் நான் உத்தியோகம் பார்க்கும் இடத்தில் மதிப்பீட்டாளர் என்பவர் வேறு ஆள். நகைக்கடன் பிரிவில் உரைகல்லோடு உட்கார்ந்திருப்பவர். வளையலைத் தேய்த்துப் பார்த்து, எடை போட்டு, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து ஓர் எண்ணைச் சொல்வார். கொண்டுவந்தவள் யார், ஏன் கண் கலங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. இது ஒரு கொடுமை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 1962-இல் கூடிய ஒரு குழுவைப் பற்றிப் படித்ததுதான் காரணம்.

சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால் சில தடவைகளுக்கு மேல் அதைப் பயன்படுத்த முடியவில்லை. 1960-இல் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர் டெஃப்ளான் குழாயொன்றைக் கையிலேயே நிலையாகப் பொருத்திவைக்க வழி கண்டார். சில வாரங்களில் சாக வேண்டியவர்கள் வருஷக்கணக்கில் இருக்கலாம் என்றாயிற்று. அதாவது, விதியாக இருந்த ஒன்று செலவுக் கணக்காக மாறியது. 1962-இல் திறந்த சிகிச்சை மையத்தில் இடங்கள் சில, வேண்டியவர்கள் பலர். மருத்துவர்கள் தங்கள் அளவுகோலால் சலித்தது போக மிஞ்சியவர்களில் யாரை எடுப்பது என்ற முடிவை ஏழு பேரிடம் விட்டார்கள். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு இல்லத்தரசி, ஒரு அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு அறுவை மருத்துவர், பிறகு ஒரு வங்கிக்காரர். பெயர்கள் வெளியிடப்படவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் 'லைஃப்' பத்திரிகையில் ஷானா அலெக்ஸாண்டர் இதை எழுதியபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. வயது, ஆணா பெண்ணா, கல்யாணமானவரா, எத்தனை குழந்தைகள், வருமானம், சொத்து, படிப்பு, வேலை, மனத்தின் ஸ்திரத்தன்மை, இதுவரை என்ன செய்தார், இனி என்ன செய்யக்கூடும் – இத்தனையையும் அந்த ஏழு பேர் பரிசீலித்தார்கள். சர்ச்சுக்குப் போகிறவரா என்பதும் பேச்சில் வந்தது. தோரோவுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தால் அவருக்கு அந்தப் பிரதேசம் சரிப்படாது என்ற பொருளில் 1968-இல் ஒரு சட்டப் பேராசிரியரும் ஒரு மனநல மருத்துவரும் கேலியாக எழுதினார்கள். நம் வட்டத்து நண்பர்களை ஒவ்வொருவராக அந்த மேஜை முன்னால் நிறுத்திப் பார்க்கிறேன். நிலையான வருமானம் இல்லை, பத்திரிகை நடத்திய கடன் உண்டு, மனத்தின் ஸ்திரத்தன்மை பற்றி நான் சொல்லாமலிருப்பது நல்லது. ஒருத்தர் தேறமாட்டார்.

அந்த ஏழு பேரைக் கொடியவர்களாகப் பார்ப்பது சுலபம், ஆனால் தவறு. சம்பளம் வாங்காமல், தூக்கம் கெட்டு, மனசாட்சியோடுதான் செய்தார்கள். அவர்கள் செய்தது நாம் செய்வதைத்தான்: கதை படித்தார்கள். ஒரு வாழ்க்கையைக் கதையாகப் படித்து, அது நல்ல கதையா என்று கேட்டார்கள். எந்த வாசகனையும் போல, தங்கள் கதையைப் போலிருந்த கதை அவர்களுக்கு நல்ல கதையாகப் பட்டது. கதைதான் மனிதனை மனிதனுக்குக் காட்டுகிறது என்று நாம் ஓயாமல் சொல்கிறோமே, அந்த நம்பிக்கைக்கு இது ஒரு அடி.

பத்து வருஷத்தில் அந்த தேசம் தேர்ந்தெடுக்கும் வேலையையே உதறிவிட்டது. 1971-இல் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னாலேயே ஒரு நோயாளிக்கு இயந்திரத்தை இணைத்துக் காட்டினார்கள். 1972-இல் சட்டம் வந்தது: சிறுநீரகம் செயலிழந்த ஏறக்குறைய எல்லோருக்கும் செலவு அரசாங்கத்துடையது. பெரிய காரியம்தான். ஆனால் மற்ற வியாதிக்காரர்களுக்கு ஏன் இல்லை? அவர்கள் அந்த அறையில் இல்லை என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை. மெடிகேர் பயனாளிகளில் சுமார் 1 சதவீதமான இவர்களுக்கு அதன் செலவில் 7 சதவீதம் அளவுக்குப் போய்வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் உரைகல்லைக் கொண்டுவந்தார்கள். ஒரு வருஷ முழு ஆரோக்கிய வாழ்வு ஒன்று. பாதி சுகத்தோடு வாழ்ந்த வருஷம் அரை. ஒரு புதிய மருந்து இப்படி எத்தனை வருஷங்களை என்ன விலைக்குத் தருகிறது? 1985-இல் யார்க் பல்கலைக்கழகத்தின் ஆலன் வில்லியம்ஸ் இதய அறுவை சிகிச்சையை இப்படிக் கணக்கிட்டுக் காட்டினார். 1999-இல் நைஸ் என்ற ஸ்தாபனம் உண்டாகி, பல ஆண்டுகள் ஒரு வருஷத்துக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு என்பதை எல்லையாக வைத்திருந்தது. இந்தக் கல் சர்ச்சைக் கேட்பதில்லை, குழந்தைகளை எண்ணுவதில்லை. தோரோவுக்கும் வங்கிக்காரருக்கும் ஒரே விலை. ஆனால் 1987-இல் தத்துவவாதி ஜான் ஹாரிஸ் கேட்டது இன்னும் நிற்கிறது: ஏற்கெனவே ஊனத்தோடு வாழ்கிறவனுடைய வருஷம் உங்கள் கணக்கில் முழுதாகாதே, அவனை இரண்டாம் முறை தண்டிப்பதல்லவா இது? இதற்குச் சமாதானங்கள் நிறையப் படித்தேன். எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை.

இன்னொன்று. எங்கள் மதிப்பீட்டாளர் மாற்றைத்தான் சொல்வார். கிராமுக்கு எவ்வளவு என்பது தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கையாக வரும். அந்த 20,000-ம் 30,000-ம் அப்படி வந்தவைதான், ஆராய்ச்சியில் விளைந்தவையல்ல. 2015-இல் யார்க்கைச் சேர்ந்தவர்களே கணக்குப் போட்டார்கள். பொது மருத்துவத் துறை தன் வழக்கமான காரியங்களில் சுமார் 13,000 பவுண்டுக்கே ஒரு வருஷத்தைச் சம்பாதிக்கிறது என்று வந்தது. இதன் அர்த்தம் லேசானதல்ல. 30,000 கொடுத்து ஒருவருக்கு ஒரு வருஷம் வாங்கும்போது, எங்கோ சிலரிடமிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் எடுக்கிறோம். அவர்கள் யார்? ஆள் போடாத ஒரு வார்டில், தள்ளிப்போன ஒரு பரிசோதனையில் இருப்பவர்கள். தாங்கள் இழந்தது அவர்களுக்கே தெரியாது. ஆகவே அவர்களுக்குக் கதை கிடையாது.

கதை உள்ளவர்கள் பத்திரிகைக்கு வந்தார்கள். எண் மறுத்த புற்றுநோய் மருந்துகளுக்கென்று அங்கே 2010-இல் தனி நிதி தொடங்கி, 2016-க்குள் 127 கோடி பவுண்டு செலவாயிற்று. 2017-இல் வந்த ஆய்வொன்று, பரிசீலித்த 47 உபயோகங்களில் 18-இல்தான் ஆயுள் நீண்டதற்கு ஆதாரம் உண்டு என்றது. அதுவும் நடுத்தரமாக மூன்று மாதம். மூன்று மாதத்தை நான் இளக்காரம் செய்யவில்லை. என் தகப்பனாருக்கு யாராவது கொடுத்திருந்தால் காலில் விழுந்து வாங்கியிருப்பேன். ஆனால் அந்த மேஜையில் எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை என்று சொல்கிறேன்.

அப்படியானால் எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டியதுதானா? தாய்லாந்து 2002-இல் எல்லோருக்கும் மருத்துவம் என்று ஆரம்பித்தபோது இதே சிறுநீரக சிகிச்சையைச் சேர்க்கவில்லை. பிறகு நிதானமாகக் கணக்குப் போட்டார்கள். இயந்திரத்தில் செய்வதானாலும் சரி, வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்வதானாலும் சரி, இரண்டும் எல்லையைத் தாண்டின. எண் வேண்டாம் என்றது. 2008-இல் அரசாங்கம் வீட்டு முறையை முதலாவதாக வைத்துச் சேர்த்துக்கொண்டது. ஒரு நோயாளிக்காக ஒரு குடும்பமே போண்டியாவதை அந்த எண் எண்ணவில்லை, நாங்கள் எண்ணுகிறோம் என்பது அவர்கள் வாதம். சியாட்டில்காரர்களுக்கு இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: அந்தக் குடும்பம் எப்படிப்பட்ட குடும்பம் என்று யாரும் கேட்கவில்லை. எண்ணைத் தெரிந்துகொண்டே மீறினார்கள், மீறுகிறோம் என்று சொல்லியும் மீறினார்கள்.

அந்த முடிவோடு எனக்குச் சம்மதம்தான். ஆனாலும் குமாஸ்தா புத்தி போகவில்லை. பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும். அந்தப் பணம் எந்த வார்டிலிருந்து வந்தது என்று யாராவது ஒரு வரி எழுதி வைத்திருந்தால், எழுதியவரின் பெயரோடு, அதைத்தான் முதலில் படிப்பேன்.