கோடிக்குழகர் பதிகமும் கமிட்டின் பெயரும்

கோடியக்கரைக் குழகர்மேல் சுந்தரர் பாடிய பதிகம், பாடல்களைப் பண்வாரியாக அடுக்கும் பண்முறையில் ஏழாம் திருமுறையின் 32ஆம் பதிகம். தலவாரியாக அடுக்கும் தலமுறைப் பதிப்பிலோ அதன் இடம் வேறு. காவிரித் தென்கரைத் தலங்கள் 127இல் கோடிக்குழகரே கடைசி. திருமறைக்காடும் அகத்தியான்பள்ளியும் அதற்கு முன்னால் நிற்கும். எண்ணும் மாறுகிறது, அக்கம்பக்கமும் மாறுகிறது. ஆனாலும் ஓதுவார் பாடுவது ஒரே பதிகத்தைத்தான். மறைநூல் ஒன்றை 'அதே நூல்' என்று சொல்லவைப்பது எது? அது இருக்கும் இடமா, அதன் எழுத்தா, அதைக் காத்துவரும் மரபா?

மென்பொருள் எழுதுவோருக்கும் இதே சிக்கல் உண்டு; அவர்கள் அதற்கு இரண்டு விதமாக விடை சொல்லியிருக்கிறார்கள். மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் சப்வெர்ஷன் என்ற கருவியில் 'கமிட்' செய்தால், அதாவது ஒரு மாற்றத்தைப் பதிவு செய்தால், அது மையச் சேமிப்பகத்துக்குப் போய் வரிசை எண் பெறும். மையம் ஏற்றால்தான் அது வரலாறு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்ற கருவியில் அதே 'கமிட்' அவரவர் கணினியிலேயே முடிந்துவிடும். வழக்கமாக ஒவ்வொரு பிரதியும் முழு வரலாற்றையும் சுமக்கும். கமிட்டின் பெயர், அதன் உள்ளடக்கத்தையும் அதற்கு முந்தைய கமிட்டையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது.

திருமுறைகள் கிடைத்ததுபற்றி நம் மரபு சொல்லும் கதை சப்வெர்ஷன் பக்கம் சாய்வது. தில்லையில் பூட்டிக் கிடந்த அறை, செல்லரித்த ஏடுகள், எஞ்சியதைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி என்று திருமுறைகண்ட புராணம் ஒரே மையத்தைக் காட்டுகிறது. ஆனால் அந்தப் புராணமே பண் வகுக்க எருக்கத்தம்புலியூருக்குப் போகிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணிடமிருந்துதான் பண்முறை கிடைத்தது என்கிறது. ஏடு ஓரிடத்தில், இசை வேறிடத்தில். இதைவிட வலுவான சான்று திருவிடைவாய். ஏடுகளில் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று 1917இல் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டில் கிடைத்தது. மையம் இழந்ததைத் திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூர்ச் சுவர் ஒன்று காத்து வைத்திருந்தது.

மையம் இல்லையென்றால் எவர் எதையும் செருகிவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான அச்சம்தான். கிட்டில் பிரதி எடுக்க எவராலும் முடியும். ஆனால் லினக்ஸ் கருவில் (kernel) எதைச் சேர்ப்பது என்பதைப் பொறுப்பாளர்கள் பார்த்தே முடிவு செய்கிறார்கள். திருவிடைவாய்ப் பதிகமும் அப்படி ஏற்கப்பட்டுத்தான் பின்வந்த பதிப்புகளில் இடம்பெற்றது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: ஓர் எழுத்து மாறினாலே கிட்டில் பெயர் மாறிவிடும், பாடபேதம் உள்ள பதிகத்தை நாம் அதே பதிகம் என்கிறோமே? உண்மை, இங்கே கணக்கீடு போதாது. ஒரு திருத்தத்தை வேறு கிளைக்கு எடுத்துச் சென்றால் அதன் பெயர் மாறும். எழுதியவர்களோ அதை அதே திருத்தம் என்றே சொல்வார்கள். எண்ணோ எழுத்தோ தனியாக ஒருமையைத் தருவதில்லை. பிரதிகளை ஒப்பிட்டு, ஓதி, ஏற்கும் சமூகம்தான் தருகிறது.

அந்தச் சமூகம் ஒப்பிட வேண்டுமானால் பிரதிகள் அழியாமல் இருக்க வேண்டும். இணையத்தில் தேவாரம் ஏற்றுவோர் ஒரே பாடத்தைச் சரியெனத் தேர்ந்து மற்றவற்றை நீக்கிவிட வேண்டாம். எந்தப் பாடம் எந்த ஏட்டிலிருந்து, எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு பதிகத்தின் கீழும் குறித்து வையுங்கள்.