அறிக்கையில் இல்லாத ஊசி

ஆய்வில் பொய் எழுதுகிறவர்களைப் பற்றிப் பேச எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பொய் பொய்தான். என்னைத் தொந்தரவு செய்வது வேறு வகை ஆட்கள். தாங்கள் கண்டது பெரிய உண்மை, அதற்குச் சேதம் வந்துவிடக் கூடாது என்று ஒரு சின்ன உண்மையை ஓரமாகத் தள்ளிவைப்பவர்கள். கெட்டவர்கள் இல்லை. அதுதான் சிக்கலே.

அமெரிக்க மனநல மருத்துவர் வால்டர் பான்கி மருத்துவத்தோடு இறையியலும் படித்தவர். 1962 ஏப்ரல் 20, புனித வெள்ளி. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் சிற்றாலயத்தில் ஹோவர்ட் தர்மன் வழிபாடு நடத்துகிறார். அது ஒலிபெருக்கி வழியாகக் கீழ்த்தளத்தில் இருக்கும் 20 இறையியல் மாணவர்களுக்குக் கேட்கிறது. அவர்களில் பத்துப் பேர் விழுங்கியிருப்பது சைலோசைபின், அதாவது மாயக்காளான்களில் இருக்கும் மருந்து. மற்ற பத்துப் பேருக்கு நிக்கோடினிக் அமிலம். அது உடம்பைச் சூடாக்கிச் சிவக்க வைக்கும், அவ்வளவுதான். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பது ஏற்பாடு. கொஞ்ச நேரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஹார்வர்டில் பான்கியின் முனைவர் பட்ட ஆய்வு இது. நடுநிலை கெடக் கூடாது என்று அதுவரை அவர் அந்த மருந்தைத் தொட்டதே இல்லை. ஞானிகள் எழுதிவைத்த அனுபவங்களோடு ஒப்பிட அளவுகோல் ஒன்றை வகுத்தார். சைலோசைபின் எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு மிக அருகில் வந்தார்கள். மாத்திரையால் கடவுள் அனுபவம் வருமா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

ரிக் டாப்ளின் என்பவர் அந்த மாணவர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, 1991இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கால் நூற்றாண்டு கழிந்த பிறகும், சைலோசைபின் எடுத்தவர்களில் அவர் பேசிய ஏழு பேருமே அது மெய்யான அனுபவம், வாழ்க்கைக்கு நல்லது செய்தது என்றார்கள். ஆனால் பலர் அன்று கடுமையாகப் பயந்தும் இருந்தார்கள். ஒரு மாணவர் ஏதோ செய்தியை உலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று வெளியே கிளம்பிவிட்டார். அவரைத் திரும்பக் கொண்டுவந்து, அமைதிப்படுத்தத் தொராசின் ஊசி போட்டார்கள். பான்கியின் ஆய்வேட்டில் அந்த ஊசி இல்லை.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "ஒரே ஒரு ஊசிதானே, விடுங்க. அந்தக் காலத்துல அதையும் எழுதியிருந்தா ஆராய்ச்சியையே மூடியிருப்பாங்க" என்றார். அது நியாயமான வாதம்தான். 1963இல் ஹார்வர்ட், பான்கியின் வழிகாட்டியான டிமத்தி லியரியையே வேலையை விட்டு நீக்கியது. எதிர்ப்பு எந்தப் பக்கம் இருந்து வரும் என்று பான்கிக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஆனாலும் என்னால் விட முடியவில்லை. பான்கி பிறகு மேரிலாந்தில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தவர்களுக்கு எல்.எஸ்.டி. துணையோடு உளச்சிகிச்சை கொடுக்கும் ஆய்வில் ஈடுபட்டார். சாவுக்குப் பயந்து படுத்திருக்கும் ஒருவர், "டாக்டர், இதுல ஏதாச்சும் தப்பாப் போகுமா?" என்று கேட்பார் இல்லையா? அந்தக் கேள்விக்குப் பதில் அந்த ஊசியில் இருந்தது. பத்தில் ஒருவர் என்பது அவருக்குச் சின்ன எண் இல்லை. ஆபத்து தெரிந்து சம்மதிப்பதும் தெரியாமல் சம்மதிப்பதும் ஒன்றாகாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாணவரும் அதே அறையில், அதே மருந்தை எடுத்தவர்தானே? ஒன்பது பேர் பட்டது அனுபவம், இவர் பட்டது மட்டும் இடைஞ்சல் என்று யார் முடிவு செய்தது? பயத்தைக் கழித்துவிட்டுப் பரவசத்தை மட்டும் எழுதினால் அது விளம்பரம். நண்பரின் நாவலுக்கு நாம் எழுதுகிற சில விமர்சனங்களும் இந்த ரகம்தான், ஆனால் அதை நம்பி யாரும் மருந்து சாப்பிடப் போவதில்லை.

டாப்ளினை நான் மதிப்பது இதனால்தான். அவர் இந்த மருந்துகளுக்கு எதிரி அல்ல. இவற்றைச் சிகிச்சையாக்க 1986இல் மேப்ஸ் என்ற அமைப்பையே தொடங்கியவர். தன் தரப்பின் புகழ்பெற்ற ஆய்வில் இருந்த ஓட்டையைத் தானே காட்டினார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேப்ஸிலிருந்து உருவான நிறுவனம் ஒன்று எம்.டி.எம்.ஏ. மருந்தை மனவடுச் சிகிச்சைக்காக அனுமதிக்கச் சொல்லி அமெரிக்க அரசிடம் விண்ணப்பித்தது. 2024 ஆகஸ்டில் அது ஏற்கப்படவில்லை. பரிசீலனையின்போது எழுந்த கேள்விகளில் ஒன்று, மருந்தின் விளைவுகள் முழுமையாகப் பதிவு செய்யப்படவில்லையே என்பது. அறுபது வருஷம் கழித்தும் அதே கேள்வி.

பான்கி 1971இல், நாற்பது வயதில், கடலில் முக்குளிக்கப் போய் இறந்துபோனார். அதனால் டாப்ளினின் கேள்விக்கு அவர் பதில் சொல்ல வாய்ப்பே இல்லாமல் போயிற்று. இந்த மருந்துகளால் சிலருக்கு நன்மை கிடைக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் இப்படிப்பட்ட ஆய்வைப் பற்றி வாசிக்கும்போது, குணமானவர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் ஒன்றைத் தேடுகிறேன்: நடுவில் எழுந்து வெளியே போனவர் யார், அவரைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறார்கள்?