கையெழுத்துப் போடும் முன்

வீட்டில் யாருக்காவது கர்ப்பப்பையில் கட்டி என்று ஸ்கேனில் வந்து, ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டதா? ரத்தம் நிற்காமல் கொட்டவில்லை, சிறுநீர் அடைக்கவில்லை, புற்றுநோய்ச் சந்தேகம் இல்லை என்றால் அந்த நாளைச் சில வாரங்கள் தள்ளிப் போடுங்கள். ஃபைப்ராய்டு என்கிற நார்க்கட்டி ஒரு மாதத்தில் ஓடிவந்து உயிரைக் குடிக்கும் நோயல்ல. ஆனால் எடுத்த கர்ப்பப்பையை எந்த மருத்துவராலும் திரும்ப வைக்க முடியாது.

அதே வீட்டில் இன்னொரு பெண் இருக்கலாம். மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு, வெளுத்த உதடு. "இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே அடுப்படியில் நிற்பார். அவர் விஷயத்தில் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். நாளைக் காலையிலேயே அழைத்துக்கொண்டு போய் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள்.

பொறுக்க வேண்டிய இடத்தில் பொறுமையும் விரைய வேண்டிய இடத்தில் விரைவும் வேண்டும். நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. வருடக்கணக்கில் ரத்தம் போகும். யாரும் கேட்கமாட்டார்கள், அவரும் சொல்லமாட்டார். ஒருநாள் மயங்கி விழுவார். அதன்பின் ஸ்கேன், அட்மிஷன், ஆபரேஷன் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். அந்த வாரத்தில் அவரிடம் யாரும் நிதானமாக உட்கார்ந்து பேசியிருக்கமாட்டார்கள்.

முதலில் ரத்தம். பாட்டிமார் பெரும்பாடு என்று சொன்னார்களே, அந்த அளவுக்குப் போவது இயல்பல்ல. ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, கட்டிகட்டியாக விழுவது, இரவில் எழுந்து துணி மாற்ற வேண்டியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக அதுவே போதுமான காரணம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 53 சதவீதத்தினருக்கு, ரத்தசோகை. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்லவைதான். ஆனால் மாதாமாதம் இப்படி ஒழுகும் உடம்பை அவற்றால் மட்டும் நிரப்ப முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள். இரும்பு உடம்பில் ஒட்டாது. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் நரம்பு வழியாக ஏற்றும் மருந்து உண்டு. பின்னால் ஆபரேஷன்தான் என்று முடிவானாலும், வெளுத்துப்போன உடம்போடு மேசையில் படுப்பதைவிட ரத்தம் ஊறிய உடம்போடு படுப்பதே பத்திரம். எந்த முடிவாக இருந்தாலும் அதை உடம்பில் ரத்தம் ஊறியபின் எடுங்கள். தலை சுற்றிக்கொண்டிருக்கும்போது யாராலும் தெளிவாக யோசிக்க முடியாது.

அடுத்து கட்டி. ஐம்பது வயதைத் தொடும்போது பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிறிதோ பெரிதோ நார்க்கட்டி இருக்கும். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனில் "3 செ.மீ. ஃபைப்ராய்டு" என்று ஒரு வரி வந்துவிட்டால் அதை நோயென்று நினைத்து நடுங்காதீர்கள். தொந்தரவு செய்யாத கட்டிக்கு வைத்தியமே வேண்டாம். இடையிடையே பார்த்துக்கொண்டால் போதும். கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே பல நேரம் முக்கியம். கர்ப்பப்பையின் உட்சுவரை முட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சென்டிமீட்டர் கட்டி ஆறாய் ரத்தத்தை வரவைக்கும். வெளிப்பக்கம் தொங்கும் எட்டு சென்டிமீட்டர் கட்டி சத்தமில்லாமல் கிடக்கும். அதனால் ஸ்கேன் அறிக்கையோடு போகும்போது, கட்டி உள்ளேயா, தசைக்குள்ளேயா, வெளிப்புறமா என்று கேளுங்கள். என் தொந்தரவுக்கு இந்தக் கட்டிதான் காரணமா என்றும் கேளுங்கள். தைராய்டு கோளாறாலும் ரத்தம் உறைவதில் உள்ள குறையாலும்கூட அதிகம் போகலாம்.

நார்க்கட்டி வளர்வது சினைப்பையிலிருந்து வரும் ஹார்மோனால். மாதவிடாய் நின்றபின் அது பெரும்பாலும் சுருங்கிவிடும். நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயதையொட்டி மாதவிடாய் நிற்கிறது. 45 வயதுக்காரர் ஒருவர் ஓரிரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டால் அறுவையே தேவைப்படாமல் போகலாம். மருத்துவரிடம் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

"விட்டா கேன்சரா மாறிடும்." எத்தனை பெண்களை இந்த ஒரு வாக்கியம் மேசைக்கு அனுப்பியிருக்கிறது! நார்க்கட்டி என்று நினைத்து அறுவை செய்தவர்களில்கூட அது புற்றுநோயாக இருந்தது சில நூறு பேரில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் ஆயிரம், இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு. சாதாரண நார்க்கட்டி நாளடைவில் புற்றாக மாறுவது மிகமிக அரிது. பயப்பட வேண்டிய இடம் வேறு: மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும், நின்றபின் கட்டி வளர்ந்தாலும் அன்றே போங்கள். 45-ஐத் தாண்டியவருக்கு ஒழுங்கில்லாமல் ரத்தம் போனால் கர்ப்பப்பையின் உள்படலத்திலிருந்து சிறிது எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யாமல் நேரே ஆபரேஷனுக்கு நாள் குறிப்பவரிடம், ஏன் செய்யவில்லை என்று தயங்காமல் கேளுங்கள்.

வேறு வழிகள் என்னென்ன? டிரனெக்ஸாமிக் அமில மாத்திரை போக்கு அதிகமான நாட்களில் மட்டும் சாப்பிடுவது, மலிவானது. கர்ப்பப்பைக்குள் பொருத்தும், மெல்ல ஹார்மோன் சுரக்கும் சாதனம் வருடக்கணக்கில் போக்கைக் குறைத்து வைக்கும். கட்டி உட்புறத்தை நெளித்திருந்தால் மட்டும் அது சரியாக நிற்காமல் போகலாம். உட்புறக் கட்டியை வயிற்றைக் கிழிக்காமலே, யோனி வழியாகக் கருவி விட்டு வழித்தெடுக்கலாம். பெரிய கட்டிகளை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைத் தைத்து வைப்பது மயோமெக்டமி. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்து அதை வாடவைக்கும் முறை 1995 முதல் உலகம் முழுக்க நடக்கிறது. நம் நாட்டின் பெரிய மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். எல்லாம் எல்லாருக்கும் ஒத்துவராது. மயோமெக்டமிக்குப் பின் சிலருக்குக் கட்டி மறுபடி முளைக்கும். ஆனால் இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் "எடுத்துடலாம்" என்று மட்டும் ஒருவர் சொன்னால், நீங்கள் முழுச் சேதியையும் கேட்கவில்லை என்று பொருள். இன்னொரு மருத்துவரிடம் போங்கள். அது முதல் மருத்துவருக்குச் செய்யும் அவமரியாதை அல்ல. நல்ல மருத்துவர் அதை வரவேற்பார்.

நூறு வருடங்களுக்கு முன் லண்டனில் விக்டர் பானி என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். திருமணமானபின் அவர் மனைவிக்கு நார்க்கட்டியால் கடும் உதிரப்போக்கு; கர்ப்பப்பையை எடுத்தார்கள்; அவர்களுக்குக் குழந்தை இல்லாமலே போயிற்று. கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைக் காப்பாற்றுவதில் பானி தன் திறமையையெல்லாம் கொட்டினார். அறுவையின்போது ரத்தம் பெருகாமலிருக்க அவர் செய்த இடுக்கி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரே பெண்ணிடமிருந்து 225 கட்டிகளை எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை அப்படியே வைத்தவர் அவர். அன்றைக்கு முடிந்த வேலை, இன்று ஒரு கட்டிக்கும் இரண்டு கட்டிக்கும் ஏன் முடியாது?

"ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி அந்தப் பை எதுக்கு?" மாமியாரும் நாத்தனாரும், சில நேரம் மருத்துவரும் சொல்வது இது. தயவுசெய்து இனி யாரும் இதைச் சொல்லாதீர்கள். கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 15–49 வயதுப் பெண்களை எடுத்துக்கொண்டால், இந்த நாட்டில் அவர்களில் பாதிப் பேருக்கு அது 35 வயதுக்கு முன்பே நடந்திருக்கிறது என்கிறது தேசியக் குடும்ப நல ஆய்வு. மூன்றில் இரண்டு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில். மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தது 2019-ல் அரசுக் குழுவின் கணக்கெடுப்பில் தெரியவந்தது. மாதவிடாய் வலியில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். பை இல்லாவிட்டால் விடுப்பும் இல்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் நடந்த அறுவைகள் பற்றி மருத்துவர் நரேந்திர குப்தா 2013-ல் உச்ச நீதிமன்றம் போனார். 2023 ஏப்ரலில், இதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கையில் காப்பீட்டு அட்டை இருப்பது அறுவைக்குக் காரணமாகாது.

கையெழுத்துக்கு வருகிறேன். 1995-ல் டெல்லியில், 44 வயதான, திருமணமாகாத பெண் ஒருவர் நீடித்த உதிரப்போக்குக்காக மருத்துவரிடம் போனார். உள்ளே கருவி விட்டுப் பார்ப்பதற்கு என்று மயக்க மருந்து கொடுத்தார்கள். மயக்கத்தில் கிடக்கும்போது வெளியே இருந்த அவர் தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணின் உடம்புக்கு, உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, அவர் மட்டுமே ஒப்புதல் தர முடியும். தாய் தரமுடியாது. கணவர் தரமுடியாது. பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் அறுவைக்கு ஒப்புதல் ஆகாது. ஐயா, மனைவிக்குப் பதிலாகப் பேனாவை வாங்கும் கணவரே, அந்தப் பேனாவை அவரிடம் கொடுங்கள். அந்தக் காகிதத்தில் இருப்பதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்னதால் அறுவையே பாவம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து, சாதனம் எல்லாம் பார்த்தும் ரத்தம் நிற்காதவர், கட்டி சிறுநீர்க்குழாயை அழுத்திச் சிறுநீரகம் வீங்கத் தொடங்கியவர், புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளவர், எல்லாம் தெரிந்துகொண்டு "எனக்கு இந்த அவதி போதும்" என்று தானே முடிவெடுத்தவர், இவர்களுக்கு இந்த அறுவை விடுதலை. பத்து வருடம் கறைக்குப் பயந்து கறுப்புச் சேலையே கட்டியவருக்கு அதன் அருமை தெரியும். "பொம்பளைத்தனம் போயிடும்", "உடம்பு ஊதிடும்", "புருஷனுக்குப் பிடிக்காது" என்று அவர் காதில் ஓதாதீர்கள். அவரைத் தடுப்பதும், விரும்பாதவரைத் தள்ளிவிடுவதும் ஒரே குற்றம்தான்.

ஒன்று மட்டும் எல்லாரும் கேட்டே ஆக வேண்டும்: சினைப்பைகளை என்ன செய்யப் போகிறீர்கள்? "கூடவே அதையும் எடுத்துடலாம், பின்னாடி தொல்லை இல்லை" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் ஒரே நாளில் உடம்பு முதுமைக்குள் தள்ளப்படும். உடல் கொதிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்வு. இதயநோய் வரும் வாய்ப்பும் கூடும். குடும்பத்தில் சினைப்பை, மார்புப் புற்றுநோய் வரலாறோ, சினைப்பையிலேயே கோளாறோ இல்லாத இளம்பெண்ணுக்கு அவை இருக்கட்டும். இதை அறுவைக்கு முன் எழுத்தில் வாங்குங்கள்.

அறுவைக்குப் பின் ஆறு வாரம் அவர் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, கேஸ் சிலிண்டர் நகர்த்தக் கூடாது, பேரப்பிள்ளையை இடுப்பில் வைக்கக் கூடாது. தையல் பிரித்த மறுநாளே மாவாட்ட எழுப்பிவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், மனம் கொதிக்கிறது. சமையலை வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் அறிக்கையில் எந்த உறுப்பை எடுத்தார்கள், சினைப்பை இருக்கிறதா, கர்ப்பப்பை வாய் இருக்கிறதா என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பகுதி இருந்தால் அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனை பின்னாளிலும் தொடர வேண்டும். எடுத்த பகுதியை ஆய்வகத்துக்கு அனுப்பிய அறிக்கை வரச் சில நாளாகும். அதற்காக இன்னொரு நடை போய் வாங்கி, மருத்துவரிடம் காட்டி விளக்கம் கேட்டு, அறுவை செய்துகொண்டவர் கையிலேயே கொடுங்கள். அது அவருடைய காகிதம்.