கோட்டுக்கு எந்தப் பக்கம்?

ஈமேக்ஸில் ‘டுடூ’, ‘டன்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. செய்ய வேண்டிய வேலைக்கு முன்னால் முதலாவது நிற்கும். வேலை ஆனதும் இரண்டாவது வந்து உட்காரும். இந்த ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டுத் தமிழில் போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. மதியம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோதும் அந்த வரி அப்படியேதான் இருந்தது. ‘டன்’ இருந்த இடத்தில் ‘முடிந்தது’ என்று எழுதுவதா, ‘முடித்தேன்’ என்று எழுதுவதா என்பதில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஈமேக்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அது ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். நோட்பேடுக்கு மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1976-ல் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் புதிதாக எழுதி 1985-ல் வெளியிட்ட குனு ஈமேக்ஸின் வழிவந்ததுதான் இன்று நாங்கள் பயன்படுத்துவது. அதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. அந்த லிஸ்ப் நம் கைக்கும் எட்டும். எடிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் எந்த விசையையும் எந்தச் சொல்லையும் மாற்றிவிடலாம். குடியிருந்துகொண்டே வீட்டுச் சுவரை இடித்துக் கட்டுகிற மாதிரி.

அதற்குள் வேலைப் பட்டியலையும் குறிப்பேட்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள ஆர்க் மோட் என்று ஒரு பகுதி. 2003-ல் அதை எழுதத் தொடங்கியவர் கார்ஸ்டன் டொமினிக், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து வானியலாளர். கோள்கள் உருவாகும் தூசித் தட்டுகளை ஆராய்கிறவர், தன் சொந்தக் குறிப்புகளைத் தூசி தட்டி அடுக்க உட்கார்ந்தபோது பிறந்தது அது. அதற்கு முன்பு தலைப்புகளை மடக்கவும் விரிக்கவும் பதினொரு கட்டளைகளை நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்ததாம். அவருக்குப் பொறுக்கவில்லை. டேப் விசை ஒன்றிலேயே முடித்துவிட்டார். ஒரு நட்சத்திரக் குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் துணைத்தலைப்பு. டேப் தட்டினால் விரியும், தட்டத் தட்ட மறுபடி மடங்கும். அவ்வளவுதான் அடிப்படை. 2007-ல் வந்த ஈமேக்ஸ் 22-லிருந்து அது எடிட்டரோடு சேர்ந்தே வருகிறது.

நான் மொழிபெயர்ப்பாளன். திருச்சியில் வீட்டிலிருந்தே வேலை. முன்பெல்லாம் போனில் ஒரு செயலியில்தான் எல்லாவற்றையும் எழுதிவைப்பேன். அதை நடத்தியவர்கள் ஒரு நாள், கடையைக் கட்டுகிறோம், வேண்டியதை மாதக் கடைசிக்குள் இறக்கிக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். இறக்கியதில் பாதி வேறு எதிலும் திறக்கவில்லை. அப்படித்தான் வெறும் எழுத்துக் கோப்புக்கு வந்து சேர்ந்தேன். எழுத்துக் கோப்பு சாகாது, ஐம்பது வருடம் கழித்தும் எந்தக் கணினியிலும் திறக்கும் என்பது ஈமேக்ஸ்காரர்களின் வேதவாக்கு. தமிழில் எழுதியவர்கள் அதை முழுசாக நம்ப முடியாது. யூனிகோடு புழக்கத்துக்கு வரும் முன்பு பாமினி எழுத்துருவில் நான் அடித்துவைத்த கோப்புகள் இன்றும் திறக்கத்தான் செய்கின்றன. ஆனால் ‘தமிழ்’ என்று அடித்தது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கிறது. உயிர் இருக்கிறது, பேச்சு போய்விட்டது. மாற்றியில் போட்டு ஒவ்வொன்றாக மீட்டேன். இப்போதும் ஆர்க் மோட் அட்டவணையில் தமிழ் எழுதினால் கட்டங்கள் கோணிக்கொள்ளும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்று நினைத்துக் கட்டிய வீட்டில் ‘ர’வையும் ‘ணௌ’வையும் அடுத்தடுத்த அறையில் எப்படிக் குடிவைப்பது? வரவு செலவு அட்டவணையை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டேன்.

எடிட்டரைத் தன் கைக்கேற்ப மாற்றிக்கொள்வதில் ஒரு போதை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. தொடக்கக் கோப்பு என்று ஒன்று இருக்கும். ஈமேக்ஸ் கண்விழித்ததும் முதலில் படிப்பது அதைத்தான். நம் மாற்றங்கள் எல்லாம் அதில் போய்ச் சேரும். பத்து வரி நூறாகும், நூறு ஆயிரமாகும். ஒரு கட்டத்தில் எந்த வரி எதற்கு என்று எழுதியவனுக்கே தெரியாது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று முறியும். அப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் கோப்பிலிருந்து தொடங்குவதை ஈமேக்ஸ்காரர்கள் ‘திவால்’ என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் மஞ்சக் கடுதாசி கொடுப்பது. நான் இரண்டு முறை கொடுத்திருக்கிறேன்.

ஒரு கெடு நெருங்கினால் ஆர்க் மோட் 14 நாளுக்கு முன்பிருந்தே நினைவூட்டத் தொடங்கும். அந்த நினைவூட்டல் குங்குமச் சிவப்பில் வரட்டுமா, செங்கல் சிவப்பில் வரட்டுமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்த இரவில்தான் ஒரு பதிப்பகத்துக்குத் தர வேண்டிய அத்தியாயத்தின் கெடு தாண்டிப்போனது. கை ஓடும், கண் எரியும், பெரிதாக உழைத்த களைப்பு வரும். காலையில் பார்த்தால் மொழிபெயர்த்த பக்கம் ஒன்றுகூட இருக்காது. அந்த இரவுகளுக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. சொற்களுக்காகச் செலவழித்த நாட்களை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

முதலில் ‘டுடூ’வுக்கு ‘செய்’ என்று போட்டுப் பார்த்தேன். காலையில் கோப்பைத் திறந்தால் முப்பது வரியும் என்னை ஒருமையில் அதட்டின. ‘செய்க’ என்றால் கேள்வித்தாள். ‘செய்யப்பட வேண்டியவை’ என்றால் சுற்றறிக்கை. கடைசியில் வீட்டில் பேசுகிறபடியே ‘செய்யணும்’ என்று வைத்தேன். வைத்த பிறகுதான் அதன் சூட்சுமம் பிடிபட்டது. நான் செய்யணும், நீ செய்யணும், அவர் செய்யணும். மூன்று பேருக்கும் அதே சொல். ‘தொட்டி கழுவணும்’ என்று அம்மா சமையலறையிலிருந்து சொல்லும்போது யார் கழுவ வேண்டும் என்பது அதில் இருக்காது. யார் காதில் விழுந்ததோ அவர் கழுவ வேண்டும். என் பட்டியல் முழுக்க அப்படிக் காதில் விழுந்த வேலைகள். தங்கை நிலத்துக்குப் பட்டா பெயர் மாத்தணும். மிக்ஸி ஜாருக்குப் பிளேடு மாத்தணும். அத்தையைப் போய்ப் பார்க்கணும். வயலின் கத்துக்கணும்.

வேலை வெளியே போகும் வாசலில் தமிழ் அப்படிச் சும்மா விடுவதில்லை. ‘டன்’ என்றால் யார் செய்தது என்ற கேள்வியே எழாது. ‘முடித்தேன்’ என்றால் நான். ‘முடிந்தது’ என்றால் தானாக, அல்லது வேறு யாராலோ. ஆளில்லாமல் உள்ளே வந்த வேலை, போகும்போது ஆளைக் கேட்டது. பட்டா விஷயத்தில் தாலுகா ஆபீஸுக்கு நாலு முறை நடந்தவர் தங்கை வீட்டுக்காரர். நான் செய்ததெல்லாம் ‘என்ன மாப்ளே, ஆச்சா?’ என்று போன் போட்டதுதான். பழைய கோப்பில் அது பச்சை நிறத்தில், என் கணக்கில், ‘டன்’ என்று நின்றிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு சொல்லையும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். பழையவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டபோது ‘முடிந்தது’ பக்கம்தான் கனமாக இருந்தது. இந்த வீடு என்னால் ஓடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் கொஞ்சம் காற்று இறங்கியது.

எத்தனை சொல் வேண்டுமானாலும் வைக்கலாம், ஆர்க் மோட் தடுக்காது. ஆனால் அந்த வரியின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு உண்டு. கோட்டுக்கு இடப்பக்கம் எழுதும் சொற்கள் இன்னும் திறந்திருக்கும் வேலைகளுக்கு. வலப்பக்கம் எழுதுபவை மூடியவற்றுக்கு. கோடு போடாவிட்டால் கடைசிச் சொல்லை மட்டும் முடிவாக எடுத்துக்கொள்ளும். ‘காத்திருக்கேன்’ இடப்பக்கம், அதில் சந்தேகமில்லை. ‘விட்டேன்’ வலப்பக்கம். அந்தச் சொல்லோடு அடைப்புக்குறிக்குள் ஒரு ‘அட்’ குறி போட்டுவைத்தால், ஒரு வேலையை ‘விட்டேன்’ என்று மாற்றும்போதெல்லாம் சிறு ஜன்னல் ஒன்று திறந்து காரணம் கேட்கும். எழுதிவிட்டுக் கண்ட்ரோலோடு சி விசையை இரண்டு முறை தட்டினால் தேதியோடு பதிவாகிவிடும். ஆரம்பத்தில் நீதிபதி முன்னால் நிற்பவன் போலப் பத்தி பத்தியாக எழுதினேன். பிறகு வரி வரியாக. ஒரு நாள் தேடிப் பார்த்தால் கோப்பு முழுக்க ஒரே வார்த்தை: நேரமில்லை. நேரமா இல்லை? சிவப்பு தேர்ந்தெடுக்க இருந்ததே.

உண்மையான சிக்கல் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லில் வந்தது. தமிழில் இதைவிட வழுக்குகிற சொல் எனக்குத் தெரிந்து இல்லை. கைமாற்றாக ஐயாயிரம் கிடைக்குமா? பார்க்கலாம். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுவீர்களா? பார்க்கலாம். பெண் பார்த்துவிட்டுப் படி இறங்கும்போது மாப்பிள்ளை வீட்டார் ‘பார்க்கலாம்’ என்றால் தரகர் அடுத்த ஜாதகத்தை எடுத்துவிடுவார். முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லக் கூசுகிற நமக்கு அது ஒரு போர்வை. அதே சொல்லை ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் ‘பார்க்கலாம்மா’ என்று சொல்லும்போது மொத்தக் குடும்பமும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கும். இதைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைப்பது?

முதலில் இடப்பக்கம் வைத்தேன். திறந்திருக்கும் வேலை என்பதால் தினமும் கண்ணில் பட்டது. வயலின், அத்தை, மாடித் தோட்டம், அப்பாவின் கடிதங்களைத் தட்டச்சு செய்வது. ஒரு வாரத்தில் கண் அவற்றைத் தாண்டப் பழகிவிட்டது; தள்ளிப்போட ஒரு விசை, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவேன். தள்ளிப்போடுவதை எல்லாம் குறித்துவைக்கும்படி ஆர்க் மோடுக்குச் சொல்லலாம் என்று பிறகு தெரியவந்தது. சொல்லிவைத்தேன். எந்தத் தேதியில் இருந்ததை எந்த நாளில் தள்ளினேன் என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி சேர்ந்தது. அத்தையின் பெயருக்கு அடியில் பதினேழு வரி சேர்ந்தபோது எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. ‘பார்க்கலாம்’ என்ற சொல்லைத் தூக்கி வலப்பக்கம் வைத்தேன். மூடிய வேலை என்று ஆனதும் அன்றாடப் பட்டியலிலிருந்து மறைந்தது. நிம்மதியாக இருந்தது. நாலு மாதம் கழித்து அத்தை போன் செய்து, ‘என்னடா, மறந்தே போயிட்டியா?’ என்றார். ‘இல்ல அத்தே’ என்றேன். எதிரே திரையில் அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

அம்மாவிடம் ஈமேக்ஸ் இல்லை. பால் கணக்கு மாதக் காலண்டரில், சிலிண்டர் பதிந்த தேதி கதவுக்குப் பின்னால் பென்சிலில். இவை போக, சாமி படத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருக்கிறது. எனக்கு மஞ்சள் காமாலை வந்த வருடம் திருப்பதிக்கு வருவதாக வேண்டிக்கொண்டு முடிந்துவைத்த காசு. இன்னும் போகவில்லை. வருடத்துக்கு ஒரு முறை, புரட்டாசியில், முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பார். துணி நைந்திருந்தால் புதுத் துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, காசோடு இன்னொரு ரூபாய் சேர்த்து மறுபடி முடிந்து அதே இடத்தில் வைப்பார். ‘இத்தனை வருஷமா போகவே இல்லையேம்மா’ என்று சீண்டினால், ‘போகலையே தவிர மறக்கலையேடா’ என்பார். மற்ற நாட்களில் அந்த முடிச்சைப் பற்றி அவருக்கு எந்த உறுத்தலும் இருந்து நான் பார்த்ததில்லை.

அதை அப்படியே காப்பியடித்தேன். ‘பார்க்கலாம்’ மறுபடி கோட்டுக்கு இடப்பக்கம் வந்தது, ஆனால் அந்த வரிகளுக்குத் தேதி கிடையாது. தேதி இல்லாததால் அன்றாடப் பட்டியலில் வராது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு வேலைக்குத் தேதி போட்டேன்: ‘பார்க்கலாம் என்றதை எல்லாம் பார்க்கணும்.’ தேதிக்குள் ஒரு கூட்டல் குறி சேர்த்தால் அது திரும்பத் திரும்ப வரும். முடித்ததாகக் குறித்தால் அடுத்த வருடத்துக்குத் தானாகவே நகர்ந்து நிற்கும். பொங்கலையொட்டி வருகிறபடி ஜனவரி 15 என்று வைத்திருக்கிறேன்.

இந்தப் பொங்கலுக்கு மாடித் தோட்டம் போனது. வெயிலில் மாடிக்கு யார் தண்ணீர் சுமப்பது. அப்பாவின் கடிதங்கள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன், புதுத் துணி மாதிரி ஒரு வரி சேர்த்து. அத்தைக்கு ‘செய்யணும்’ என்று மாற்றித் தேதி போட்டு, காணும் பொங்கலன்று கிளம்பிப் போனேன். துறையூர் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே. இரவு திரும்பி வந்து கோப்பைத் திறந்தால் ‘முடித்தேன்’ என்று போட விரல் போகவில்லை. அத்தையைப் பார்ப்பது முடித்துவைக்கிற காரியமா? தலைப்புக்கு முன்னால் எந்தச் சொல்லும் இல்லாமலும் இருக்கலாம், ஆர்க் மோட் அதையும் அனுமதிக்கும். சொல்லை எடுத்துவிட்டேன். இப்போது ஒரு நட்சத்திரம், பக்கத்தில் ‘அத்தை’, அதற்குள் மடக்கிவைத்த பதினேழு வரி.

வயலின் மிச்சம் இருந்தது. ‘விட்டேன்’ என்று மாற்றினேன். ஜன்னல் திறந்து காரணம் கேட்டது. ‘நேரமில்லை’ என்று விரல் தானாக அடித்தது. அழித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ‘கேட்கத்தான் பிடிக்கும்’ என்று எழுதிவிட்டுக் கண்ட்ரோல் சி தட்டினேன், மறுபடி ஒரு தரம்.