வாகனமும் விழிப்பும்

தன் உடைமையைப் பற்றி ஒருவன் எவ்வளவு அறிந்திருத்தல் வேண்டும்? சுவரில் ஓடும் கடிகாரத்தின் உள்ளமைப்பை அறியாதிருப்பதால் எவர்க்கும் கேடில்லை. நாம் ஓட்டும் காரைப் பற்றியும் அவ்வாறு கூறிவிட முடியுமா என்பது இல்லறத்தார் அனைவரும் சிந்திக்கத் தக்க வினாவாகும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு இங்கு நோக்கத் தக்கது. பிறர்க்கு ஆபத்து விளைக்கும் பழுதுடன் வண்டியை ஓட்டுதல் குற்றம் என்கிறது அது. ஒருவன் அறிந்திருந்த பழுது மட்டுமன்றி, சாதாரணக் கவனத்தால் அறிந்திருக்கக்கூடிய பழுதும் அதில் அடங்கும். ஆகவே, 'எனக்குத் தெரியாது' என்னும் விடை எப்போதும் காவாது.

அறநூலார் கருத்தும் இதுவே. 'பிரமாதம்' என்னும் சொல்லை இன்று நாம் பாராட்டுரையாக வழங்குகிறோம். ஜைன நூல்களிலோ அது விழிப்பின்மையைக் குறிக்கும். விழிப்பின்மையால் உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. பகைமை இல்லாத நெஞ்சினனும் தேய்ந்த டயரால் ஓர் உயிரைப் போக்கிவிடக் கூடும்.

மாட்டுவண்டிக் காலத்து உழவர், வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மையிட்டு, கடையாணியைத் தொட்டுப் பார்த்த பின்னரே மாட்டைப் பூட்டுவர். இன்று கீழ்பென்னாத்தூர் வழியே செஞ்சிக்கும், அதனைக் கடந்து மேல்சித்தாமூருக்கும் குடும்பத்துடன் காரில் செல்வோருள், புறப்படுமுன் சக்கரத்தைக் குனிந்து நோக்குவோர் எத்தனை பேர்? வேகம் பன்மடங்கு பெருகியது, கவனம் குறைந்தது.

கற்பதற்குக் கல்லூரி வேண்டுவதில்லை. கோவை ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் உழைத்துப் பொருள் சேர்த்து அதனை வாங்கி, பிரித்துப் பூட்டித் தாமே கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். நாம் அவராக வேண்டுவதில்லை. அவரது ஆர்வத்தில் ஒரு சிறு பங்கு போதும்.

டயர்க் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுமுன் அளத்தல் வேண்டும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிடல் வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் அணைந்து சில நிமிடங்கள் கழிந்தபின் எண்ணெயின் அளவைப் பார்த்தல் வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் ஆகாது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் மிகின் அதன் கொதிநிலை தாழும். ஜவ்வாது மலையிறக்கம் போன்ற இடங்களில் ஓயாது பிரேக் அழுத்துகையில் அத்திரவம் கொதித்து ஆவியானால் பிரேக்கின் பிடி நழுவும். காரணம் அறிந்தவன் உரிய காலத்தில் திரவத்தை மாற்றுவான். இறக்கத்தில் கியரைக் குறைத்துச் செல்வான்.

ஆயின் அரைகுறை அறிவும் பிரமாதமே. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் பொருட்டு பிரேக்கைத் தானே கழற்றிப் பூட்டுபவன், பிறர் உயிரைப் பணயமாக வைக்கிறான். கணினியால் இயங்கும் இக்கால வண்டிகளில் காற்றுப்பை முதலியவற்றைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விடுதல் முறை. நாம் கற்பதால் அவர் பிழைப்புக் கெடுமோ என அஞ்சவும் வேண்டா. பழுதின் குறியை அறிந்து சொல்பவன் அவர்க்கு உதவியாவான். அவர் உழைப்பின் அருமையையும் உணர்வான்.

இன்னும் ஒன்று. வீட்டில் எண்ணெய் மாற்றுவோர் பழைய எண்ணெயை வேலியோரத்தில் கொட்டுவதுண்டு. அது மண்ணில் வாழும் எண்ணிறந்த சிற்றுயிர்களை மாய்க்கும், நீரையும் கெடுக்கும். அபாயகரக் கழிவுகள் பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகள் அதனையும் தம் வரம்புள் கொண்டுள்ளன. கலத்தில் சேர்த்து, அதனை முறையாக ஏற்கும் பட்டறையில் ஒப்படைத்தலே தக்கது. இயலாதெனின் அப்பணியை முழுதும் பட்டறைக்கே விட்டுவிடுக.

கண்ணுக்கும் கைக்கும் எட்டுவதை அறிதல் நம் கடமை. எட்டாததை வல்லார் கையில் ஒப்புவித்தல் நம் அடக்கம். சாவியைத் திருப்புமுன் ஒருமுறை வண்டியைச் சுற்றிவரச் சில நொடிகளே ஆகும். அச்சில நொடிகளும் உயிரோம்பும் நோன்பின் பகுதியே எனக் கொள்வோமாக.