வேலையும் வினாவும்

கணினியியல் பயிலும் மகனுக்கு எங்கே வேலை கிடைக்கும் என்று கேட்கிறோம். எந்த வினா அவனை உறங்கவிடாமல் செய்கிறது என்று கேட்பதில்லை. வேலை தேடுவது குற்றமன்று. வறிய குடும்பத்திற்கு அதுவே விடுதலை. எனினும் ஊதியம் ஒன்றே கல்வியின் அளவுகோலாகிவிட்டால் ஆய்வு எங்கிருந்து முளைக்கும்?

கணினியியலின் வேர் கணிதத்தில் உள்ளது. அக்கணிதத்தை நம் நகரில் பேணியவர்களுள் ஒருவர், பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி அருள்தந்தை சார்லஸ் ரசீன். இலயோலாக் கல்லூரியில் அவர் தேர்வுப் பாடத்தோடு நின்றுவிடவில்லை. அந்நாளில் வளர்ந்துவந்த புதிய கணிதத்தை மாணவர்க்குக் காட்டினார். தகுதியுடையோரை மும்பை டாடா ஆய்வு நிறுவனத்திற்கு வழிப்படுத்தினார். அவர்களுள் ஒருவரான சி. எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய கணிதப் பள்ளியே இன்றைய சென்னைக் கணிதக் கழகம். பட்டும் பொன்னும் விற்கும் தியாகராய நகரில், 1998-இல், கணிதமும் கணினியியலும் இணைந்த இளநிலைப் படிப்பை அது தொடங்கியது. ஆய்வாளர்களே இளமாணவர்க்கு ஆசிரியராயினர். 1976-இல் மறைந்த ரசீன் அதைக் காணவில்லை.

கட்டுரைகளை எண்ணி ஆசிரியரை மதிப்பிடும் இக்காலத்தில் அவருக்கு என்ன மதிப்பெண் இடுவோம்? மாணவரை வளர்க்கும் பொறுமையையும் நம் கல்லூரிகள் கணக்கில் கொள்ளட்டும். அதற்கு முன், பிள்ளையின் வினாவுக்குச் செவிகொடுக்கப் பெற்றோராகிய நாம் கற்போம்.